ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு

சிவகாசியில் தினக்காலண்டர் அச்சடிக்கிற ஆபீஸில் இருபத்திரண்டு வருஷமாகப் பிழை திருத்துகிறேன். ஆடிப்பெருக்கு அன்றைக்கே அடுத்த வருஷத்துக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியாகிவிடும். அப்புறம் 365 தாள்களும் என் கண்ணைத் தாண்டித்தான் மெஷினுக்குப் போகும். ராகு காலத்தில் பயமில்லை. திங்கள் 7.30 - 9.00, தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். திதியும் நட்சத்திரமும் முடிகிற நேரம்தான் தினம் மாறும். அங்கேதான் 3 எது, 8 எது என்று தடுமாற ஆரம்பித்தேன்.

"சாளேசரம்ணே, நாப்பதத் தாண்டுனா எல்லாருக்கும் வர்றதுதான்" என்றான் மெஷின்காரத் தம்பி. எனக்கும் தெரியும். ஆனாலும் இரண்டு வருஷம் கண் டெஸ்டுக்குப் போகவில்லை. பெரிய கோளாறு ஏதாவது சொல்லிவிட்டால் பிழைப்பு என்னாவது என்பது வெளியே சொன்ன காரணம். உள்ளே இருந்த பயம் வேறு. "இது நல்லா இருக்கா, முன்னாடி போட்டது நல்லா இருந்துச்சா?" என்பார்களே, அதற்குத் தப்பாகச் சொல்லி, தப்பான பவரை நானே வாங்கிக்கொண்டு வந்துவிட்டால்?

போன மாதம் வீட்டுக்காரி விடவில்லை. வெளியே உட்கார்ந்திருந்தபோது உள்ளே ஒருவர் போர்டு எழுத்துகளை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். கடைசி வரியை மனப்பாடம் பண்ணிக்கொண்டேன். நாற்பத்தேழு வயசில்!

கண்ணுக்கு டெஸ்ட் எடுத்தது என் மகள் வயசுப் பிள்ளை. கனமான வட்டப் பிரேமை மூக்கில் ஏற்றிவிட்டு ஒற்றைக் கண்ணை மறைத்தது. கடைசி வரியைக் கடகடவென்று ஒப்பித்தேன்.

"இப்போ வலது பக்கமிருந்து படிங்கய்யா."

வேர்த்துவிட்டது.

அப்புறம் பாதி சிவப்பு, பாதி பச்சை. எதில் எழுத்து பளிச்சென்று இருக்கிறது? சிவப்பு என்றேன். வில்லையை மாற்றியது. பச்சை. இன்னொன்று போட்டது. இப்போது எது என்று சொல்லத் தெரியவில்லை. உற்றுப் பார்த்தேன், கண்ணைச் சுருக்கினேன், ம்ஹூம். கடைசியில், வெள்ளைத்தாளை நீட்டுகிற பையன் மாதிரி, "ரெண்டும் ஒண்ணாத்தான்மா இருக்கு" என்றேன்.

"அதுக்காகத்தான்யா இவ்வளவு நேரம் மாத்தி மாத்திப் போட்டேன்!"

பச்சை வெளிச்சம் விழித்திரைக்குச் சற்று முன்னால் குவியுமாம், சிவப்பு சற்றுப் பின்னால். இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தால் பவர் பொருந்தி வந்துவிட்டது என்று அர்த்தம். முதல் அறையில் பலூன் படம் காட்டிய மெஷின் உத்தேசமாக ஓர் அளவு எடுத்திருக்கிறது. அதைத்தான் இங்கே நுணுக்கிப் பார்க்கிறார்கள். நான் ஒரு தடவை மாற்றிச் சொன்னாலும் அடுத்த வில்லையில் தெரிந்துபோகும். எங்கள் ஆபீஸில் முதல் புரூஃப், இரண்டாம் புரூஃப் இல்லையா, அப்படி. இது தெரியாமல் இரண்டு வருஷம் டியூப்லைட்டுக்கு நேராகத் தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கிட்டத்துக்கு பிளஸ் 1.50. வில்லையைப் போட்டுவிட்டு, பொடி எழுத்து அட்டை ஒன்றைக் கையில் கொடுத்தது பிள்ளை. கடைசிப் பத்திவரை படித்தேன். 'மழை பெய்ய தொடங்கியது' என்றிருந்தது.

"இதுல ஒரு 'த்' விட்டுப்போச்சேம்மா."

அட்டையை வாங்கிப் பார்த்தது. பிறகு சட்டைப்பையிலிருந்த பேனாவை என்னிடம் நீட்டியது.