நெஞ்சில் கட்டும் கமராவும் மணற்காட்டுப் பாதைகளும்

யாழ்ப்பாணத்தில் மலை இல்லை. ஆனால் மவுண்டன் பைக் ஓட்டப் பாதை உண்டு. மணற்காட்டு மணல்மேடுகள், பக்கத்துச் சவுக்கங்காடு, வலிகாமத்துச் செம்மண் ஒழுங்கைகள், வடலிகளுக்கு நடுவே வளைந்து போகும் ஒற்றையடிப் பாதைகள் எல்லாம் ஓட்டுகிறவரின் கையையும் காலையும் நன்றாகவே சோதிக்கும். அதே ஓட்டத்தைச் சிறிய அக்‌ஷன் கமராவில் எடுத்து, வீட்டுக்கு வந்து திரையில் போட்டால் மாட்டுவண்டி போல ஊர்கிறது. பலர் உடனே கமராவைக் குறை சொல்லி விலை கூடியதைத் தேடுகிறார்கள். பெரும்பாலும் பிழை கமராவில் இல்லை. அதைச் சரித்து வைத்த கோணத்திலும், அதற்கு முன்னால் என்ன இருக்கிறது என்பதிலும்தான் இருக்கிறது.

அக்‌ஷன் கமராவின் அகல லென்ஸ் தூரத்தில் உள்ள எல்லாவற்றையும் சிறுக்கவைக்கும். படத்தின் ஓரத்தால் ஏதாவது விரைந்து கடந்தால்தான் பார்ப்பவருக்கு வேகம் புரியும். தீவுப்பகுதியின் வெட்டவெளித் தரவைகளில் 30 கிலோமீற்றர் வேகத்தில் ஓடினாலும் படம் நின்றதுபோல இருக்கும். இரு பக்கமும் கிடுகுவேலி நெருங்கிய ஒழுங்கையில் 15இல் போனாலே பறப்பதுபோல வரும். சமதரையில் படம் எடுப்பவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இதுதான்: வேலி, கதியால், சவுக்குமரம், வடலி ஓலை ஏதாவது தோளுக்கு ஒரு மீற்றருக்குள் கடக்கும் பாதையைத் தெரிவு செய்யுங்கள்.

ஹெல்மெற்றில் வைத்தால் தலை திரும்பும் பக்கமெல்லாம் படம் திரும்பும், ஹான்டிலும் தெரியாது. நெஞ்சில் கட்டினால் இரண்டு கையும் ஹான்டிலும் முன்சில்லும் படத்துக்குள் வந்துவிடும். பாதை என்ன செய்கிறது என்பதை முழங்கை மடங்குவதே சொல்லிவிடும். குறை ஒன்று உண்டு: கண் பார்க்கும் திசையை அல்ல, உடம்பு நிற்கும் திசையைத்தான் அது காட்டும். இறுக்கமான வளைவில் பாதை சற்றுப் பிந்தித்தான் படத்துக்குள் வரும்.

கோணத்தை நிமிர்ந்து நின்று பார்த்துச் சரிசெய்யவே கூடாது. ஓடும்போது உடம்பு முன்னால் சரிவதால், நின்று வைத்த கோணம் முன்சில்லையும் நிலத்தையும் மட்டுமே காட்டும். ஒருவர் சைக்கிளை அசையாமல் பிடிக்க, நீங்கள் இரண்டு பெடலிலும் எழும்பி நின்று, முழங்கையை வெளியே விரித்து, நெஞ்சைத் தாழ்த்துங்கள். அந்த நிலையிலேயே போன் திரையில் கமராவின் படத்தைப் பாருங்கள். ஹான்டில் படத்தின் கீழ்க் கால்பங்கில் இருக்க, அடிவானம் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் விழ வேண்டும். அதற்குக் கமராவை நினைப்பதைவிட அதிகமாக மேலே சரிக்க வேண்டி வரும். நேராகப் பொருத்தினால் நெஞ்சுப்பட்டியின் தட்டு இடிக்கும். தலைகீழாகப் பொருத்தினால் தேவையான அளவு மேலே சரிக்கலாம். அப்படிப் பொருத்தினால் படம் நிமிரும் திசையைச் செற்றிங்கில் பூட்டிவிடுங்கள். தானாகத் தீர்மானிக்க விட்டால் குனிந்தபடி பதிவைத் தொடங்கும்போது சிலவேளை தலைகீழாகவே பதிந்துவிடும்.

மணல்மேட்டில் இறங்கும்போது இடுப்பு பின்னால் போய் நெஞ்சு இன்னும் தாழும். இறக்கந்தான் முக்கியம் என்றால் கோணத்தை அதற்கென இன்னும் சற்று மேலே வையுங்கள். மலையகம் போய் எல்ல, நுவரெலியாப் பக்கம் ஓட்டுகிறவர்களுக்கும் இதே கணக்குத்தான். அகல லென்ஸில் சரிவு எப்போதும் தட்டையாகவே தெரியும். மேட்டின் உச்சிக்கு வருமுன்பே பதிவு ஓடிக்கொண்டிருந்தால், உச்சியில் வானம் மட்டும் தெரிந்து பிறகு நிலம் கீழே விழும். அந்த ஒரு கணந்தான் உயரத்தைச் சொல்லும்.

பட்டி தளர்ந்திருந்தால், படத்தின் ஆட்டத்தைக் குறைக்கும் எந்த ஸ்டபிலைசேஷனாலும் காப்பாற்ற முடியாது. மூச்சை முழுவதும் இழுத்து, அந்த நிலையில் பட்டிக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் மட்டும் போகும் அளவுக்கு இறுக்குங்கள். கமரா நெஞ்செலும்பின் மேல்பாதியில் இருக்க வேண்டும். கீழே இறங்கினால் பெடல் மிதிக்கும் முழங்கால் படத்துக்குள் வந்து வந்து போகும். தொளதொளத்த சேட் காற்றில் அடித்து லென்ஸை மறைக்கும், மைக்கில் உரசும். திருகாணியைக் கையால் மட்டும் இறுக்கினால் அதிர்வில் மெல்லச் சரிந்துவிடும். கடைசிக் கால்சுற்றுக்குத் திருகுசாவி பிடியுங்கள். விழுந்தால் நெஞ்செலும்பில் கட்டியாக ஒரு பொருள் அழுத்தும் என்பதையும் மறவாதீர்கள். பெரிய பாய்ச்சல்கள் பழகும் நாட்களில் கமராவைக் கழற்றி வைப்பது நல்லது.

செற்றிங்கில் 4கே, விநாடிக்கு 60 பிறேம் போதும். உயரம் கூடிய 4:3 அல்லது 8:7 அளவில் பதிந்தால் கையும் பாதையும் ஒருங்கே அடங்கும். ஸ்டபிலைசேஷன் ஓரத்தை வெட்டிய பிறகும் மேல்கீழ் மிஞ்சும். அடிவானத்தை நிமிர்த்தி வைத்திருக்கும் வசதியை நிறுத்திவிடுங்கள். வளைவில் சரிவது தெரியாவிட்டால் வளைந்த உணர்வே வராது.

ஒவ்வொரு பிறேமும் ஒளி வாங்கும் நேரமான ஷட்டரில்தான் நம் வெயில் விளையாடும். நண்பகலில் ஐ.எஸ்.ஓ. (ஒளிக்கு உணரும் அளவு) 100இல் கமரா ஏறக்குறைய 1/4000 விநாடிக்குப் போய்விடும். மணல் துள்ளுவது வெட்டுவெட்டாகத் தெரியும். 60 பிறேமுக்கு 1/120 என்பது பொதுவிதி. ஆனால் குலுங்கும் பாதையில் அது சரிவராது: ஸ்டபிலைசேஷன் ஆட்டத்தை எடுத்துவிடும், ஒவ்வொரு பிறேமுக்குள்ளும் பதிந்த மங்கலை எடுக்காது, படம் நிலையாக நின்றாலும் விட்டுவிட்டு மங்கும். 1/240 வைத்து, லென்ஸுக்குள் வரும் வெளிச்சத்தைக் குறைக்கும் என்.டி. 16 பில்ரர் போடுங்கள். காலை ஆறரைக்கோ சவுக்கங்காட்டு நிழலுக்கோ பில்ரர் வேண்டாம், ஐ.எஸ்.ஓ. உச்சத்தை 800இல் நிறுத்துங்கள். நிறச் சமநிலையான வைற் பலன்ஸை 5500 கெல்வினில் பூட்டாவிட்டால் நிழலுக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் செம்மண் நிறம் மாறும். பனங்கூடலுக்குள் வானம் வெளுத்துப்போனால் கமராவின் வெளிச்ச அளவை (எக்ஸ்போஷர்) அரைப் படி குறையுங்கள்.

வெப்பமும் இங்கே ஒரு தலையிடி. பதிவை ஓடவிட்டு நிழலில் நின்று கதைத்துக்கொண்டிருந்தால் கமரா சூடேறித் தானாக நின்றுவிடும். ஓடும்போது காற்று அதைக் குளிர்த்தும். நின்றால் நிறுத்துங்கள். வேகமாக எழுதும் வி30 வகை மெமரி காட் வேண்டும். விநாடிக்கு 120 மெகாபிற் வீதம் பதிந்தால் ஒரு மணித்தியாலத்துக்கு 54 ஜிபி போகும்.

சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் மைக்குக்குப் பஞ்சு உறை இல்லாமல் ஒலி எடுக்கவே வேண்டாம். முன்னால் போகும் நண்பரை எடுப்பதென்றால் மூன்று, நாலு மீற்றருக்குள் நில்லுங்கள். அதற்கு மேல் போனால் அவர் புள்ளியாகிவிடுவார். நேர் பின்னால் போகாமல் ஒரு பக்கமாகப் போங்கள், அவர் ரயர் கிளப்பும் புழுதி லென்ஸில் படியாது. ஒழுங்கைகளில் வீடும் கிணற்றடியும் படத்தில் விழும். ஆட்கள் தெரியும் துண்டுகளை வெட்டிவிட்டே வெளியிடுங்கள். இராணுவ முகாம் வேலி தெரியும் பாதையில் கமராவை மூடிவிடுங்கள்.

மணற்காட்டுக் குருமணலில் உப்பும் கலந்திருக்கும். லென்ஸை உடனே துடைத்தால் கீறல் விழும். முதலில் ஊதுபந்தால் ஊதி, பிறகு நன்னீரில் அலசி, அதன் பின்தான் துணி. பற்றரிக் கதவைக் கடற்கரையில் திறக்க வேண்டாம். வீட்டுக்கு வந்து, வெளிப்பக்கம் காய்ந்த பிறகு திறந்து, உள்ளே ஓடும் ரப்பர் விளிம்பைச் சுற்றிவர ஈரப் பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். அங்கே ஒரு மணல் தங்கினாலும் அடுத்த முறை அலசும்போது தண்ணீர் பற்றரிக்குள் இறங்கும்.