செங்கோட்டை பாசஞ்சரில் ஒன்றேகால் கிலோ

வரி ஆலோசகர் என்றால் ஏசி அறையில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பவர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். திருநெல்வேலிச் சீமையில் அது பாதிக்குப் பாதி ஊர்சுற்றும் தொழில். கல்லிடைக்குறிச்சியில் அப்பளக் கம்பெனி, அம்பாசமுத்திரத்தில் அரிசி ஆலை, வள்ளியூரில் ஹார்டுவேர் கடை, திசையன்விளையில் முருங்கைக்காய் மண்டி என்று நம்ம வாடிக்கையாளர்கள் நாலு திசையிலும் இருக்கிறார்கள். மாதம் 11ஆம் தேதி விற்பனை விவரம் சொல்லும் ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி வரி கட்டும் ரிட்டர்னான 3பி. தேதி நெருங்க நெருங்க நானும் லேப்டாப்பும் பஸ்ஸிலும் பாசஞ்சர் ரயிலிலும்தான்.

என் லேப்டாப் 15.6 அங்குலம். வேலைக்கு ஒரு குறையும் இல்லை, தோள்தான் முறையிட ஆரம்பித்துவிட்டது. புதிதாக, மெலிதாக ஒன்று வாங்கலாம் என்று முடிவானது. கடையில் விளக்கு வெளிச்சத்தில் பத்து நிமிடம் தடவிப் பார்த்து வாங்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பெங்களூரிலிருந்து லீவுக்குப் பாளையங்கோட்டை வந்திருந்த மச்சானிடம் அவருடைய 14 அங்குல லேப்டாப்பை இரவல் கேட்டேன். "தாராளமா கொண்டு போங்க மாப்ள. தண்ணியில மட்டும் போட்டுராதீங்க" என்றார். கணக்கு எழுதும் மென்பொருளான டாலியின் டேட்டா எல்லாம் பழையதில் இருந்ததால் இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு ஜங்ஷனில் காலை செங்கோட்டை பாசஞ்சரைப் பிடித்தேன்.

பேட்டை தாண்டினால் வயலும் வாழையுமாக வரும் இந்தத் தடம் எனக்கு அலுப்பதே இல்லை. ஆனி மாதம் என்பதால் மலைப் பக்கம் மேகம் இறங்கியிருந்தது. சேரன்மகாதேவியில் ஏறிய ஒரு ஆச்சி கையில் சுருட்டிய பத்தமடைப் பாயோடு என் பக்கத்தில் உட்கார்ந்தார். பழைய லேப்டாப்பை விரித்தால் என் முழங்கை ஆச்சியின் விலாவில் இடிக்கும். சின்னதை எடுத்தேன், மடிக்குள் அடங்கியது. ஆச்சி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏய்யா, இத மடியில வச்சா சுடாதா?" என்றார்.

கேள்வி சரியான கேள்வி. சுடத்தான் செய்தது. மெலிதான உடம்புக்குள் காற்று ஓட இடம் குறைவு. வெளியே அலுமினியம் என்றால் சூடு நேராகத் தொடைக்கு வரும். சூடு ஏறினால் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். டாலிக்கும் எக்செல்லுக்கும் அது பெரிய விஷயம் இல்லை. வீடியோ எடிட்டிங் செய்கிறவர்கள்தான் இதை யோசிக்க வேண்டும். காருகுறிச்சி வந்ததும் நான் மூடி வைத்துவிட்டேன். அருணாசலம் அவர்களின் நாகஸ்வரத்தை நினைத்துக்கொள்ள வேண்டிய ஊரில் கணக்குப் பார்ப்பது பாவம்.

கல்லிடைக்குறிச்சி அப்பளக் கம்பெனியில்தான் விஷயத்தின் சூட்சுமம் பிடிபட்டது. பாக்கெட் போடும் மேஜையில் எலக்ட்ரானிக் தராசு. "அண்ணாச்சி, இதை ஒரு நிமிஷம் எடை போட்டுக்கிடட்டுமா?" என்றேன். "அப்பளத்துக்குத்தான் வரி இல்ல, இதுக்கு உண்டுமா?" என்று சிரித்துக்கொண்டே தட்டிலிருந்த மாவைத் துடைத்துக் கொடுத்தார். பழையது 2.24 கிலோ. அதன் சார்ஜரையும், மூன்று முள் பிளக் உள்ள அந்தக் கனத்த வயரையும் வைத்ததும் 2.7 தாண்டியது. மச்சானுடையது 1.21. சார்ஜர் 120 கிராம் கூட இல்லை.

ஆக, அரை கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக நான் வெறும் சார்ஜரையே சுமந்திருக்கிறேன். விளம்பரத்தில் போடும் எடையில் சார்ஜர் சேராது. அதனால் நான் முதலில் பார்ப்பது டைப்-சி வழியாகச் சார்ஜ் ஏறுமா என்பதைத்தான். ஏறும் என்றால் பவர் டெலிவரி என்ற பொது முறையில் வேலை செய்யும் 65 வாட் சார்ஜர் ஒன்று போதும், போனுக்கும் அதுவே. ஆனால் போனோடு வந்த சார்ஜர் லேப்டாப்புக்கு ஆகும் என்று நினைக்க வேண்டாம். பல போன் கம்பெனிகள் தங்களுக்கென்று தனி முறை வைத்திருப்பதால், டப்பாவில் பெரிய வாட் எண் இருந்தாலும் லேப்டாப்புக்கு ஏதோ கொஞ்சம்தான் கொடுக்கும்.

இன்னொன்று: மெலிது வேறு, எடை குறைவு வேறு. 2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு தபால் உறைக்குள்ளிருந்து மேக்புக் ஏரை உருவிக் காட்டினார் அல்லவா, அதிலிருந்து எல்லோருக்கும் மில்லிமீட்டர் பைத்தியம். அதன் எடை 1.36 கிலோ. அதே எடையில் இப்போது எத்தனையோ லேப்டாப்கள் இருக்கின்றன. அந்த உறைக்குள் அடங்குவதற்காக சிடி டிரைவையும் நெட்வொர்க் போர்ட்டையும் எடுத்துவிட்டு ஒரே ஒரு யுஎஸ்பி மட்டும் வைத்தார்கள். 2011இல் சிப் கம்பெனியான இன்டெல் மெலிதான லேப்டாப்களுக்கு அல்ட்ராபுக் என்று பேர் வைத்து, சிறிய திரை என்றால் 18 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு போட்டது. என் தோளுக்கு 11 மில்லிமீட்டரும் 18 மில்லிமீட்டரும் ஒன்றுதான். அந்த ஏழு மில்லிமீட்டரில் என்னென்ன காணாமல் போகிறது என்பதை அம்பாசமுத்திரத்தில் பார்த்தேன்.

அரிசி ஆலை பிரைவேட் லிமிடெட் கம்பெனி. ரிட்டர்னில் டிஜிட்டல் கையெழுத்து போட வேண்டும். அந்தக் கையெழுத்து பென் டிரைவ் மாதிரியான ஒரு யுஎஸ்பி டோக்கனில் இருக்கும், பழைய அகலமான யுஎஸ்பி. மச்சானுடையதில் இருந்தவை இரண்டே இரண்டு டைப்-சி. அதிலும் ஒன்றில் சார்ஜர். அகல யுஎஸ்பிக்கு மாற்றும் அடாப்டர் அந்த ஆலையில் யாரிடமும் இல்லை. பழைய லேப்டாப்பை எடுத்து, கையெழுத்து போடும் மென்பொருளான எம்சைனரைத் திறந்து, கையெழுத்தை முடித்தேன். அடாப்டர் மலிவுதான், வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அது பையின் எந்த அறையில் இருக்கிறது என்று 20ஆம் தேதி ராத்திரி தேடுவது யார்?

ஆலை முதலாளியோடு பேசினால் பேச்சு மூட்டைக்கு வந்துவிடும். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான லேபிள் போட்ட அரிசிப் பைக்கு 5 சதவீத வரி வந்தது, உடனே 26 கிலோ சிப்பம் பிறந்தது. எடையில் ஒரு கிலோவுக்கு என்ன மதிப்பு என்று இவர்களுக்குத் தெரிந்த மாதிரி லேப்டாப் கம்பெனிக்காரனுக்குத் தெரியாது.

கொள்முதல் பில்களை ஏற்ற உட்கார்ந்தபோது அடுத்த சங்கதி. மச்சானுடையதில் எண்பலகை, அதாவது வலது ஓரத்து நம்பர் பேட், இல்லை. கணக்கு எழுதுகிறவனுக்கு வலது கையின் நடுவிரல் 5 என்ற பித்தானின் சின்ன மேட்டில் போய் நிற்கும், அங்கிருந்து கண் திறக்காமல் எண் அடிக்கலாம். மேல் வரிசையில் ஒவ்வொன்றாகத் தேடி அடித்தால் இரண்டு மடங்கு நேரம். போதாததற்கு, கொள்முதல் வவுச்சருக்கு எஃப்9 அழுத்தினால் டாலி சும்மா இருக்க, திரை வெளிச்சம் மாறுகிறது. மெலிதான லேப்டாப்களில் மேல் வரிசை முதலில் வெளிச்சம், சத்தம் என்றுதான் வேலை செய்யும். பலவற்றில் எஃப்என்னையும் எஸ்கேப்பையும் சேர்த்து அழுத்தினால் பழைய பழக்கத்துக்கு வந்துவிடும். இதைக் கடையிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

நடுவில் கரண்ட் போனது. பேட்டரி பற்றிய விளம்பர மணிக்கணக்கை நான் நம்புவதில்லை. பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் வாட்-அவர் எண்ணைப் பார்த்து 8ஆல் வகுத்துக்கொள்வேன். நம்ம மாதிரி டைப் அடிக்கும் வேலைக்கு ஏறத்தாழ அது சரியாக வரும். 52 வாட்-அவர் என்றால் ஆறரை மணி நேரம். ஜெனரேட்டர் போடுவதற்குள் கீபோர்டு இடுக்கெல்லாம் உமித்தூசி. லேப்டாப் ஃபேன் காற்றை அடியிலிருந்து உறிஞ்சும் என்பதால் மூட்டை மேல் வைத்து வேலை பார்க்கக் கூடாது. ஃபேனே இல்லாத மேக்புக் ஏர் இந்தத் தூசிக்கு உத்தமம், 13 அங்குலத்தின் எடையும் ஒன்றேகால் கிலோ அளவுதான். ஆனால் டாலி பிரைம் விண்டோஸில்தான் ஓடும். ஸ்னாப்டிராகன் சிப் போட்ட விண்டோஸ் லேப்டாப்களில் பேட்டரி நன்றாக நிற்கிறது. இருந்தாலும் டோக்கனுக்கான டிரைவர் அந்தச் சிப்புக்கென்று தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். என் தொழிலுக்கு அந்த இரண்டும் இப்போதைக்கு இல்லை. கதை கட்டுரை எழுதிக்கொண்டு ஊர் சுற்றுகிறவராக இருந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு ஏரை எடுத்திருப்பேன்.

அம்பாசமுத்திரம் வரை போய்விட்டுப் பக்கத்துப் பாபநாசத்தில் ஆற்றில் இறங்காமல் வந்தால் வீட்டில் திட்டு விழும். படித்துறையில் பையை வைத்தால் குரங்கு. ஆலை டிரைவர் தம்பி பையை மடியில் வைத்துக் காவல் இருக்க, ஒரு முங்கு.

வள்ளியூர் மறுநாள். ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று பணகுடி வழியாக வள்ளியூர் வரை அடிக்கும், வழியெல்லாம் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருக்கும். ஹார்டுவேர் கடை வாசலில் உட்கார்ந்து மச்சானுடையதைத் திறந்தேன். பளபளப்புத் திரை, என் முகமும் எதிர்ப்பக்க டீக்கடையும் தெரிந்தன, கணக்குத் தெரியவில்லை. காற்றுக்குத் திரை கீலோடு சேர்ந்து ஆடியது. நமக்கு மங்கல் பூச்சுத் திரை, 400 நிட்ஸ் வெளிச்சம், இறுக்கமான கீல் என்று அங்கேயே மனதில் எழுதிக்கொண்டேன்.

லேப்டாப் வாங்கத் திருநெல்வேலி வண்ணார்பேட்டைக் கடைக்குப் போனபோது டோக்கனைக் கையோடு கொண்டு போனேன். 16 அங்குலத்தில் எண்பலகையோடு 1.2 கிலோவில்கூட எல்ஜி கிராம் இருக்கிறது. கை அரித்தது, ஆனால் பாசஞ்சர் ரயில் மடிக்கும், கடைகளில் எனக்கு ஒதுக்கும் அரை மேஜைக்கும் 14தான் சரி. கடைசியில் எடுத்தது 1.35 கிலோ, 17 மில்லிமீட்டர், அகல யுஎஸ்பி ஒன்று, டைப்-சி சார்ஜிங். எண்பலகை தனியாக ஒன்று, வயர் இல்லாதது. மெலிதான லேப்டாப் பலவற்றில் மெமரியைப் போர்டோடு பற்றவைத்து விடுவதால் பிற்பாடு கூட்ட முடியாது. அதனால் 8 ஜிபி பேச்சையே எடுக்காமல் 16 வாங்கினேன்.

பில் போடும் முன் கடைத் தம்பி சொன்னது உருப்படியான விஷயம். "அண்ணாச்சி, வாரண்டி ஆன்சைட்டா, நாம தூக்கிட்டுப் போறதான்னு பாத்துக்கிடுங்க. சிலதுக்கு மதுர வர போணும்." ஆன்சைட் என்று தாளில் இருந்தாலும் நம்ம பின்கோடுக்கு ஆள் வருவார்களா என்று கம்பெனி நம்பருக்கு அங்கிருந்தே போன் போட்டுக் கேட்டோம். பாளையங்கோட்டைக்கு வருவார்களாம், திசையன்விளைக்கு வர மாட்டார்களாம்.