ராம் 5.9 கம்மின்ஸில் சைலன்சரை எடுத்துவிட்டு நேர் பைப் போடுவது

2004 நடுவிலிருந்து 2007 வரை அமெரிக்காவில் வந்த டாட்ஜ் ராம் 2500, 3500 பிக்கப்களில் இருக்கும் 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசலை மனதில் வைத்து எழுதியது இது. அந்த வண்டிகளில் கரிவடிகட்டி, அதாவது டிபிஎஃப், கிடையாது. டர்போவிலிருந்து இறங்கும் குழாய், புகையின் நச்சைக் குறைக்கும் ஒரு கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், சைலன்சர், பின் ஆக்ஸிலுக்கு மேலே வளைந்து வலப்பக்கச் சக்கரத்துக்குப் பின்னால் வெளியே வரும் வால்குழாய். மொத்த அமைப்பே இவ்வளவுதான். நாம் தொடப்போவது சைலன்சரை மட்டும். கன்வெர்ட்டர் இருந்த இடத்திலேயே இருக்கும்.

சைலன்சரை எடுத்தால் குதிரைத்திறன் ஏறும் என்று பைப் விற்கிறவர்கள் சொல்வார்கள். கம்பெனி டியூனிலேயே, அதாவது எஞ்சின் கணினியின் அசல் அமைப்பிலேயே, ஓடும் வண்டியில், ஓட்டுகிறவருக்குத் தெரிகிற அளவுக்கு ஒன்றும் ஏறாது. 325 குதிரைத்திறனுக்கு 4 அங்குலக் குழாய் தாராளம். அந்த அமைப்பை மாற்றும் டியூனர், பெரிய இன்ஜெக்டர் என்று எரிபொருளைக் கூட்டியவர்களுக்கு மட்டும் மேட்டில் சுமை இழுக்கும்போது எக்ஸாஸ்ட் வெப்பம் கொஞ்சம் இறங்கலாம். அதுவும் அந்த வெப்பத்தைக் காட்டும் பைரோமீட்டர் இருந்தால்தான் தெரியும். டர்போவுக்கு முன்னால் 1,250 ஃபாரன்ஹீட், ஏறக்குறைய 675 செல்சியஸ், இதைத் தாண்டித் தொடர்ந்து ஓட்டக்கூடாது என்பது இந்த எஞ்சின்காரர்களின் கணக்கு. முள் 1,400-ஐத் தொடுகிறது என்றால் டியூனை இறக்குங்கள். பைப் மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது.

‘பேக் பிரஷர் (எக்ஸாஸ்டின் எதிரழுத்தம்) போனால் டார்க் (இழுவிசை) போய்விடும்’ என்பது இன்னொரு பேச்சு. டர்போ டீசலில் அந்தப் பயமே வேண்டாம். டர்போவில் எக்ஸாஸ்ட் சுழற்றும் சக்கரம்தான் டர்பைன். அதற்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம்தான் அதைச் சுற்றுகிறது. பின்பக்கம் அழுத்தம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கு நல்லது.

ஆக, கிடைக்கப்போவது சத்தம். அதுவும் பெட்ரோல் வி8-இல் சைலன்சரைக் கழற்றினால் வருகிற சத்தம் மாதிரி இருக்காது, ஏனென்றால் எக்ஸாஸ்ட் துடிப்புகளின் கூர்மையை டர்பைன் சக்கரமே பாதி மழுக்கிவிடுகிறது. ஐடிலில் பெரிய மாற்றம் தெரியாது. அந்தக் கடகட சத்தம் எஞ்சினுக்குள்ளிருந்தே வருவது. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது டர்போ விசில் தெளிவாகக் கேட்கும், கீழே ஒரு கனத்த உறுமல் சேரும். நெடுஞ்சாலையில் அதே உறுமல் கேபினுக்குள் ரீங்காரமாக வந்து தலைவலி கொடுக்கும். அதைப் பிறகு பார்ப்போம்.

வேலையைத் தொடங்குமுன் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியா வாகனச் சட்டம் பிரிவு 27150, டெக்சாஸ் போக்குவரத்துச் சட்டம் பிரிவு 547.604 இரண்டுமே சாலையில் ஓடும் வண்டியில் வேலை செய்கிற சைலன்சர் இருந்தே ஆகவேண்டும் என்கின்றன. வேறு பல மாநிலங்களிலும் இதே கதைதான். எல்லா போலீஸ்காரரும் நிறுத்துவதில்லை, ஆனால் நிறுத்தி டிக்கெட் எழுதினால் வாதாட இடமில்லை. பண்ணையிலும் டிராக்கிலும் ஓடுகிற வண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. கன்வெர்ட்டரை எடுப்பது வேறு வகை. அது ‘கிளீன் ஏர் ஆக்ட்’ என்ற மத்தியச் சட்டத்தின்படி குற்றம். 2007 நடுவில் வந்த 6.7 கம்மின்ஸ் முதல் டிபிஎஃப் சேர்ந்துவிட்டதால், அந்த வண்டிகளில் ‘முழு ஸ்ட்ரெய்ட் பைப்’ (டிபிஎஃப்பும் கன்வெர்ட்டரும் இல்லாத நேர்குழாய்) என்று விற்பதெல்லாம் இந்த வகைதான். அந்தப் பக்கம் போகாதீர்கள். ராம் பிக்கப்களின் எஞ்சின்களில் மாசுக்கட்டுப்பாட்டை ஏய்க்கும் மென்பொருள் இருந்தது என்ற வழக்கில் கம்மின்ஸ் நிறுவனமே 2023 இறுதியில் 167.5 கோடி டாலர் அபராதத்துக்கு ஒப்புக்கொண்டது. ஊரில் பொலேரோவுக்கும் ஸ்கார்ப்பியோவுக்கும் இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு வரி: மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 190(2)-இல் 10,000 ரூபாய் வரை அபராதம், லைசன்ஸும் மூன்று மாதத்துக்குப் போகும்.

சாமான் அதிகம் வேண்டாம். சைலன்சர் இருந்த இடத்தில் போடவென்றே 30 அங்குல நீளத்தில், 4 அங்குல விட்டத்தில், முனைகள் விரித்த பைப் ரெடிமேடாகக் கிடைக்கிறது. அலுமினியப் பூச்சு போட்ட இரும்பில் ஒன்று, 409 ஸ்டெயின்லெஸில் ஒன்று. குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவுகிற மாநிலம் என்றால் 409 வாங்குங்கள். டெக்சாஸ், அரிசோனா பக்கம் அலுமினியப் பூச்சே போதும். பிளம்பிங் கடையில் கிடைக்கும் கால்வனைஸ்டு குழாயை மட்டும் தொடவே வேண்டாம், வெல்டிங்கில் அதன் துத்தநாகப் புகை காய்ச்சலில் படுக்கவைத்துவிடும். இரண்டு பேண்ட் கிளாம்ப், 4 அங்குலத்துக்கு. யு-போல்ட் கிளாம்ப் விலை குறைவுதான், ஆனால் இறுக்கும்போது குழாயில் பள்ளம் போட்டு இரண்டையும் பூட்டிவிடும். அடுத்த முறை கழற்ற வெட்டியே ஆகவேண்டும். அகலப்பட்டையாக இருக்கும் பேண்ட் கிளாம்ப் குழாயைச் சுற்றிலும் ஒரே சீராகப் பிடிக்கும், கழற்றி மாட்டவும் முடியும். இவற்றோடு குழாயை வண்டிக்கடியில் தொங்கவிட கிளாம்ப் வைத்த ஒரு ஹேங்கர், புதிய ரப்பர் புஷ் இரண்டு, துருவை இளக்கும் ஆயில் ஒரு டப்பா.

பைப் வாங்குமுன் வண்டிக்கடியில் படுத்து டேப் வைத்து அளந்துவிடுங்கள். இந்த வண்டிகள் பழசு. முந்தைய உரிமையாளர் எதையாவது மாற்றியிருந்தால் 4 அங்குலத்துக்குப் பதில் 5 இருக்கலாம். எக்ஸாஸ்ட் குழாய் அளவு எப்போதும் வெளிவிட்டம்: 4 அங்குலம் என்றால் வெளியே 101.6 மி.மீ. விரித்த முனையின் உள்விட்டம் அதைவிட மயிரிழை அளவு கூடுதலாக இருக்கவேண்டும், அப்போதுதான் ஒன்றுக்குள் ஒன்று ஏறும்.

முந்தைய நாள் மாலையே கிளாம்ப் நட், போல்ட் மரைகளிலெல்லாம் ஆயில் அடித்து ஊறவிடுங்கள். மறுநாள் எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது தொடங்குங்கள். முன்சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். ராம் உயரமான வண்டி, பெரும்பாலும் தூக்காமலே கீழே போகலாம். தூக்கித்தான் ஆகவேண்டும் என்றால் ஸ்டாண்டை ஆக்ஸிலுக்கடியில் வையுங்கள், சேசிக்கடியில் வைக்காதீர்கள். சேசியில் வைத்தால் ஸ்பிரிங் தொங்கி ஆக்ஸில் கீழே இறங்கிவிடும். அந்த நிலையில் வால்குழாயைச் சரிபார்த்து இறுக்கினால், வண்டி தரையில் நின்றதும் குழாய்க்கும் ஆக்ஸிலுக்கும் இடைவெளி போய்விடும். முதல் பள்ளத்திலேயே டங்கென்று இடிக்கும். ‘சத்தம் எங்கிருந்து வருகிறதென்றே தெரியவில்லை’ என்று வருகிற வண்டிகளில் முதலில் பார்க்கவேண்டிய இடம் இதுதான்.

சைலன்சருக்கடியில் ஜாக்கியோ மரக்கட்டையோ கொடுத்துவிட்டு, பின்பக்கக் கிளாம்பைக் கழற்றி, ஹேங்கர் கம்பிகளை ரப்பரிலிருந்து வெளியே எடுங்கள். ரப்பரில் சோப்புத் தண்ணீர் விட்டு, கடப்பாரை நுனியால் நெம்பினால் வழுக்கிக்கொண்டு வரும். கிரீஸ் தடவாதீர்கள், ரப்பர் ஊதிப்போகும்.

இணைப்பு தானாகக் கழன்று வந்தால் அதிர்ஷ்டம். துருப்பிடித்த வண்டியில் வராது, வெட்டத்தான் வேண்டும். வெட்டுகிற இடம் முக்கியம்: குழாயில் வெட்டாதீர்கள், சைலன்சரின் கழுத்தில், கிளாம்ப் இருந்த இடத்தை ஒட்டி வெட்டுங்கள். உள்ளே ஏறியிருக்கும் குழாய் அப்படியே மிஞ்சும். அதன்மேல் ஒட்டியிருக்கும் கழுத்துத் துண்டை நீளவாக்கில் கிரைண்டரால் கீறி, உளியால் விரித்தால் ஆரஞ்சுத் தோல் மாதிரி உரிந்து வரும். கீறும்போது வெளித்தகட்டின் பருமன் மட்டும்தான், ஒன்றரை மி.மீ. சுமார். அதற்குமேல் போனால் உள்குழாயில் கோடு விழுந்து அங்கேயே லீக். நேர்வெட்டுக்கு, முன்னும் பின்னும் ஓடி அறுக்கும் ரெசிப்ரோ ரம்பத்தில் இரும்புக்கான பிளேடு வசதி, பொறியும் பறக்காது. கிரைண்டர் போடும் இடத்தில் பிரேக் லைன், ஏபிஎஸ் ஒயர், ஹேண்ட்பிரேக் கேபிள் இவற்றுக்கு ஈரச்சாக்கு போர்த்திவிடுங்கள்.

அளவுக் கணக்கு: விரித்த முனை ஒவ்வொன்றும் 2 அங்குலம் ஏறி உட்காரவேண்டும். 30 அங்குலப் பைப் என்றால் இரண்டு முனைகளுக்கும் நடுவில் 26 அங்குல இடைவெளி. 28 இருந்தால் ஒரு பக்கத்துக்கு ஒரு அங்குலம்தான் கிடைக்கும். சுமையில் சூடேறி நீளும்போதும் ஆறிச் சுருங்கும்போதும் கிளாம்ப் நழுவும். நீட்சி கொஞ்சநஞ்சமில்லை. 3 மீட்டர் இரும்புக்குழாய் 300 டிகிரி செல்சியஸ் சூடேறினால் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீளும். இடைவெளி கூடிவிட்டதென்றால் இழுத்துப்பிடித்து இறுக்காதீர்கள், ஒரு இணைப்புத் துண்டு வாங்கிச் சேர்த்துவிடுங்கள்.

வெட்டுமுனைகளில் பிசிறை அரத்தால் எடுத்து, துருவை வெளியே 3 அங்குலத்துக்குச் சுரண்டி வழவழப்பாக்குங்கள். பழைய யு-போல்ட் நசுக்கிய முனை நீள்வட்டமாகியிருக்கும். அதை வட்டமாக்காமல் எந்தக் கிளாம்பும் அடைக்காது. குழாய் விரிக்கும் கருவியை உதிரிபாகக் கடைகளில் முன்பணம் வாங்கிக்கொண்டு இரவல் தருகிறார்கள்.

வால்குழாயை அதன் ரப்பர்களிலேயே தொங்கவிட்டு, புதுப் பைப் நுழையும் அளவுக்குப் பின்னால் தள்ளுங்கள். புதுப் பைப்பை முன்குழாயின்மேல் முதலில் ஏற்றி, பிறகு வால்குழாயை முன்னால் இழுத்து உள்ளே நுழைத்துவிடுங்கள். கிளாம்ப்களை முன்கூட்டியே மாட்டிவிட மறக்கவேண்டாம். எல்லாம் கை இறுக்கத்தில் மட்டும். இப்போது சுற்றிலும் பாருங்கள்: டிரைவ்ஷாஃப்ட், ஷாக், ஸ்டெப்னி எல்லாவற்றிலிருந்தும் ஒரு அங்குலமாவது தள்ளி நிற்கவேண்டும், பிரேக் ஹோஸ், ஒயர் என்றால் இரண்டு. திருப்தியான பிறகு முன்னாலிருந்து பின்னாக இறுக்கிக்கொண்டு வாருங்கள். எவ்வளவு விசையில் இறுக்கவேண்டும் (டார்க்) என்பது கிளாம்ப் பாக்கெட்டிலேயே இருக்கும், அதைப் பின்பற்றுங்கள். விரித்த முனையில் வெட்டுப்பிளவு இருந்தால் கிளாம்ப் அதை முழுக்க மூடி ஒரு இழை முன்னால் தாண்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் பிளவின் நுனியில் கரி கசியும்.

பலரும் விட்டுவிடுவது ஹேங்கரை. சைலன்சரோடு அதில் ஒட்டியிருந்த ஹேங்கர் கம்பியும் போய்விடுகிறது. பைப் சைலன்சரைவிட லேசு, தாங்கிக்கொள்ளும் என்று விட்டால், நடுவில் பிடிப்பில்லாமல் மொத்தக் குழாயும் ஆடும். அந்த ஆட்டம் நேராக டர்போ வாயிலில் உள்ள இணைப்பில் போய் விழும். சில மாதம் கழித்து அங்கே கரிக்கோடு தெரியும், அல்லது இறங்குகுழாயில் விரிசல். கிளாம்ப் ஹேங்கரைப் பழைய ரப்பர் இருந்த இடத்துக்கு நேராக மாட்டுங்கள். கம்பியையே பைப்பில் வெல்டிங் வைப்பது இன்னும் உறுதி. வெல்டிங் என்றால் இரண்டு பேட்டரியின் நெகட்டிவையும் கழற்றிவிடுங்கள் (இந்த வண்டிக்குப் பேட்டரி இரண்டு), எர்த் கிளிப்பை வெல்டிங் வைக்கிற குழாயிலேயே மாட்டுங்கள், பற்றுப் போடுகிற இடத்தில் அலுமினியப் பூச்சைத் தேய்த்து எடுங்கள்.

ஸ்டார்ட் செய்தவுடன் கிளாம்ப் ஓரங்களில் கையுறை போட்ட கையை வைத்துப் பாருங்கள், ஊதினால் தெரியும். முதல் சில நிமிடம் பைப்பிலிருந்து எண்ணெய்ப்புகை வரும், அது தயாரிப்பில் ஒட்டிய எண்ணெய். 100, 150 கிலோமீட்டர் ஓட்டி ஆறவிட்டு மறுபடி இறுக்குங்கள். அப்போது இணைப்பில் கறுப்புக் கோடு இருந்தால் லீக் அங்கேதான். கேபினுக்கடியில் லீக் இருந்தால் புகை உள்ளே வரும், அதை நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

இனி ரீங்காரம். ஆறு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு மூன்று முறை வெடிக்கும். 1,900 ஆர்.பி.எம்.மில் நொடிக்கு 95. அந்த 95 ஹெர்ட்ஸ் கேபினுக்குள் அதிர்வதுதான் நெடுஞ்சாலைத் தலைவலி. ரேடியோ சத்தத்தைக் கூட்டினால் போகாது. ஒரு பக்கம் மூடிய குழாயை எக்ஸாஸ்டில் கிளையாக வைத்து வெல்டிங் செய்தால் அந்த ஒரு அலைவரிசை மட்டும் அடங்கும். நீளம், ஒலிவேகத்தை அலைவரிசையின் நான்கு மடங்கால் வகுத்த அளவு. கிளைக்குள் வாயு நிற்பதால் ஓட்டத்தைவிடக் குளிர்ந்திருக்கும். 100 டிகிரி செல்சியஸுக்கு ஒலிவேகம் நொடிக்கு ஏறக்குறைய 387 மீட்டர், அதை 380-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் சொச்சம். 1.1 மீட்டரில் தொடங்கி, ஓட்டிப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுக்குவது நடைமுறை. ஆனால் டிரெய்லர் இழுத்து நாள்முழுக்க ஓட்டுகிறவர்களுக்கு இவ்வளவு வம்பு எதற்கு? துளைக்குழாய் நேராக ஓடுகிற 4 அங்குல ஸ்ட்ரெய்ட்-த்ரூ சைலன்சர் ஒன்று வாங்கிப் போட்டால் காற்றும் மறிக்காது, விசிலும் கேட்கும், ரீங்காரமும் பாதி அடங்கும், சாலையில் சட்டமும் பெரும்பாலும் ஒத்துப்போகும். எங்கள் ஓட்டு அதற்குத்தான்.

எப்படியானாலும் பழைய சைலன்சர் சேதமில்லாமல் வந்திருந்தால் அதைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். ஹேங்கர் கம்பி, கிளாம்ப், போல்ட் எல்லாவற்றையும் அதோடு சேர்த்துக் கட்டி கராஜ் மூலையில் வையுங்கள். வண்டியை விற்கும்போதோ, ஆய்வு கட்டாயமான மாநிலத்துக்குக் குடிபெயரும்போதோ ஒரு மணி நேர வேலையில் திரும்ப மாட்டிவிடலாம்.