சிவப்பு வட்டம் போட்ட தாள்

நம் கல்லூரிச் சதுரங்கக் கழகத்தில் ஆட்டம் முடிந்ததும் எழும்பிப் போக முடியாது. நகர்த்தல் தாளை விரித்து, வென்றவரும் தோற்றவரும் முதலிலிருந்து ஆடிப் பார்ப்பார்கள். பிசகிய இடத்துக்குச் சிவப்பு வட்டம். கணினிக்குச் சதுரங்கம் பழக்குபவர்களுக்கும் பாதி வேலை அந்தத் தாள்தான்.

ஐபிஎம் நிறுவனத்தின் சதுரங்கக் கணினியான டீப் புளூ 1996 பெப்ரவரியில் பிலடெல்பியாவில் உலக சாம்பியன் காஸ்பரோவிடம் 2–4 எனத் தோற்றது. 1997 மே மாதம் நியூயோர்க்கில் 3½–2½ என வென்றது. எல்லோரும் அதன் வேகத்தைத்தான் பேசுவார்கள்: 480 சிப்கள், வினாடிக்குப் பத்துக் கோடிக்கு மேற்பட்ட நிலைகள். எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. கிராண்ட்மாஸ்டர் ஜோயல் பெஞ்சமினை இயந்திரத்தோடு ஆடவிட்டு, அது எங்கே அசடு வழிகிறது என்று கேட்டுக்கொண்டார்கள். மதிப்பீட்டுக் கூறுகள், அதாவது ஒரு நிலை நல்லதா கெட்டதா என்று புள்ளி போட அது கவனிக்கும் அம்சங்கள், ஏறக்குறைய 6400 இலிருந்து 8000 தாண்டின. அவற்றில் பல, 1996 ஆட்டங்களிலும் பெஞ்சமினோடு ஆடியபோதும் வெளிப்பட்ட குறைகளுக்காகச் சேர்த்தவை. மதிப்பீடு சிப்புக்குள்ளேயே இருந்தது. ஒரு கூறுக்கு எத்தனை புள்ளி என்பதை மென்பொருளால் மாற்றலாம்; கூறே இல்லையென்றால் சிப்பைத்தான் மாற்ற வேண்டும். குறை சொல்பவர் பிந்தி வந்தால் பாதிப் பயன்தான்.

இப்போது நிரல் எழுதும் கழகப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம். வல்லுநர் ஒரு நகர்த்தலைப் பழித்தவுடன் புள்ளியை மாற்ற ஓடாதீர்கள். அந்த நிலையை எஃப்இஎன் (பலகையில் எந்தக் காய் எங்கே என்பதை ஒரே வரியில் எழுதும் குறியீடு) வரியாகச் சேமியுங்கள். நகர்த்தல் நிரலுக்கு முன்கூட்டியே கொடுத்த தொடக்க ஆட்டப் பட்டியலிலிருந்து வந்ததா என்று பாருங்கள். இல்லையென்றால் நாலு மடங்கு, பிறகு பதினாறு மடங்கு நேரம் கொடுங்கள். திருந்தினால், குறை பெரும்பாலும் தேடலில், அதாவது எத்தனை நகர்த்தல் முன்னோக்கிப் பார்க்கிறது என்பதில். அசையாவிட்டால் மதிப்பீட்டைச் சந்தேகியுங்கள்.

ஏனென்றால் வல்லுநர் நோயைச் சரியாகக் காண்பார், மருந்தைத் தவறாகச் சொல்லக்கூடும். மந்திரி சிக்கிவிட்டது, ஆறாவது அரைநகர்த்தலில் (ஒருவர் ஒருமுறை நகர்த்துவது ஓர் அரைநகர்த்தல்) போகப்போகிறது என்று வையுங்கள். ஆறு வரை மட்டும் பார்க்கும் நிரல், எதிராளி பதில் சொல்லியே ஆகவேண்டிய இடத்தில் ஒரு சிப்பாயை வீசும். அதில் இரண்டு அரைநகர்த்தல் கழியும். மந்திரியின் இழப்பு எட்டாவதுக்குப் போய்க் கண்ணுக்கு மறைந்துவிடும். அடுத்த முறையும் அதே தந்திரம். கடைசியில் சிப்பாய்களும் போய் மந்திரியும் போகும். பார்ப்பவர் "சிப்பாயின் மதிப்பைக் கூட்டுங்கள்" என்பார். கூட்டவேண்டியது தேடல் ஆழத்தை. அதுவும் அந்த நகர்த்தல் தொடர் போகும் கிளையில் மட்டும்.

கோட்டையின் கதை வேறு. (யானை என்று பழகியவர்கள் யானை என்றே வாசிக்கலாம்.) திறந்த நிரைக்கு (சிப்பாயே இல்லாத நெடுக்கு வரிசைக்கு) மட்டும் புள்ளி கொடுத்தால், நிரல் அவசரமாகச் சிப்பாயை வெட்டி நிரையைத் திறக்கும், எதிராளியின் கோட்டை முந்தி வந்து அமரும். தேர்ந்தவர் முதலில் கோட்டையைப் பின்னால் நிறுத்திவிட்டுத்தான் திறப்பார். ஆகவே சிப்பாய் மாற்றத்தால் திறக்கக்கூடிய நிரைக்கும் ஒரு பங்கு புள்ளி வேண்டும்.

அதைச் சேர்த்ததும் பழைய நிரலோடு மோதவிடுங்கள், ஒவ்வொரு தொடக்கத்தையும் இரு நிறத்திலும். 100 ஆட்டத்தில் 55–45 என்று குதிக்கவேண்டாம். சமநிலை குறைவென்றால் அது வெறும் அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். ஆயிரக்கணக்கில் ஆடவிடுங்கள். சொன்ன குறை சரியாக இருந்தும் நிரல் பலவீனப்பட்டால், கோட்டையின் நடமாட்டத்துக்கு ஏற்கெனவே கொடுக்கும் புள்ளியைப் பாருங்கள். ஒரே நன்மைக்கு இருமுறை கொடுத்திருப்பீர்கள்.