தெர்மலுக்கு மேலே காஞ்சிப்பட்டு

சியாட்டிலில் இருந்து அலாஸ்காவுக்கு ஒரு வாரம் போய்வரும் எங்கள் கப்பலில் இரண்டு இரவுகள் ‘ஃபார்மல் நைட்’. அன்றைக்குப் பெரிய சாப்பாட்டுக் கூடத்துக்குள் ஜீன்ஸோடு நுழைய முடியாது. ஆண்களுக்குக் கோட்டு சூட்டு, பெண்களுக்கு நீள கவுன். இஷ்டமில்லாதவர்கள் மேல்தளத்து பஃபேயில் எதை வேண்டுமானாலும் உடுத்திக்கொண்டு சாப்பிடலாம்.

“அப்ப நமக்கு பஃபே போதும்” என்றார் கணவர். ஃபார்மல் நைட்டில்தான் லாப்ஸ்டர் போடுவார்கள் என்று தெரிந்ததும் பேச்சு மாறிவிட்டது.

“சிங்கி எறாலுக்கா இவ்வளவு வேஷம்?” என்றார் அத்தை. நாகப்பட்டினத்துக்காரர்.

பெட்டியில் இடமும் இல்லை. ஜூலையிலேயே அலாஸ்காவின் தலைநகர் ஜூனோவில் பகல் வெப்பம் 17, 18 டிகிரிதான். பனிப்பாறைக்குப் பக்கத்தில் இன்னும் குறையும். அங்கேயே இன்னொரு துறைமுக ஊரான கெட்சிகனில் வருஷத்துக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. தெர்மல் என்கிற குளிர் உள்ளாடை, ஸ்வெட்டர், மழைக்கோட்டு என்று அடைத்தபிறகு ஜிப்பை மூடவே ஒரு ஆள் பெட்டி மேல் உட்கார வேண்டியிருந்தது.

கவுன் பார்க்கக் கடைக்குப் போனோம். ஒன்றில் தோள் இல்லை, இன்னொன்றில் முதுகு இல்லை. விலை மட்டும் எல்லாவற்றிலும் முழுசாக இருந்தது. அத்தை ஒன்றைத் தடவிப் பார்த்துவிட்டு, “இதுக்குத் தைக்கிற கூலிகூட ஆகாதேம்மா! பேசாம உன் அரக்குப் பட்டை எடுத்துக்க. முகூர்த்தத்துக்கு ஆனது கப்பலுக்கு ஆகாதா?” என்றார். கப்பல்காரர்களைக் கேட்டோம். அவரவர் நாட்டு உடை தாராளமாக உடுத்தலாமாம். கணவருக்கு ஒட்டிக்கோ பட்டு வேட்டி என்று முடிவானது.

கேபினில் இஸ்திரிப் பெட்டி கூடாது, தீ பயம். அத்தை அதற்கெல்லாம் அசரவில்லை. ஜாக்கெட்டையும் சட்டையையும் மடித்து மெத்தைக்கு அடியில் வைத்து, மேலே மத்தியானத் தூக்கம் போட்டார். எடுத்தபோது மடிப்பு கத்தி.

முதல் ஃபார்மல் நைட் நடுக்கடல் நாளில். வான்கூவர் தீவுக்கு மேற்கே, திறந்த பசிபிக். கொசுவத்தை இடுப்பில் சொருகப் போகும்போதெல்லாம் கப்பல் ஒரு பக்கம் சாயும். நான் பாத்ரூம் கதவைப் பிடிப்பேன். மடிப்பு மொத்தமும் காலடியில் கிடக்கும். கடைசியில் அத்தை கட்டிலில் உட்கார்ந்தபடி கொசுவத்தைப் பிடிக்க, நான் சுவரில் சாய்ந்துகொண்டு பின் குத்தினேன். குளிருக்குப் பயந்து மூவரும் உள்ளே தெர்மல். சாப்பாட்டுக் கூடத்திலோ கதகதவென்று சூடு. சூப் வருவதற்குள் கணவருக்கு நெற்றியில் வியர்வை கொட்டியது. பரிமாறுபவர் ஐஸ் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார்.

அதனால் அடுத்த ஃபார்மல் நைட்டுக்கு நானும் கணவரும் தெர்மலைக் கழற்றிப் போட்டுவிட்டோம். அத்தை கழற்றவில்லை. அன்று பகலெல்லாம் கிளேசியர் பே விரிகுடாவில் பனிப்பாறை பார்த்துவிட்டு, கப்பல் ஐசி ஸ்ட்ரெயிட் நீரிணைக்கு வந்திருந்தது. ராத்திரி எட்டு மணி, வெளியே நல்ல வெளிச்சம். லாப்ஸ்டர் தட்டு மேசைக்கு வந்த நேரம் பார்த்து யாரோ, “திமிங்கிலம்! இடது பக்கம்!” என்று கத்தினார்கள்.

கூடமே எழுந்து ஓடியது. டை கட்டிய தாத்தாக்கள் கழுத்தில் நாப்கினோடு, கவுன்காரிகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. வெளித்தளத்தில் காற்று முகத்தில் அறைந்தது. கூன்முதுகுத் திமிங்கிலம் ஒன்று வாலைத் தூக்கிக் காட்டிவிட்டு உள்ளே போனது. அதைப் பார்க்க எங்கள் வீட்டுக்காரருக்குக் கொடுத்துவைக்கவில்லை. வேட்டி பாய்மரமாக விரிந்துவிட்டது. வெல்க்ரோ பர்ரென்று பிரியும் சத்தம் எனக்கே கேட்டது. இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார்.

அத்தை மட்டும் நிம்மதியாக ரசித்தார். பட்டுக்குள் தெர்மல், காலில் கம்பளி சாக்ஸ், அதற்குமேல் வாக்கிங் ஷூ, முந்தானை தலையைச் சுற்றி. பக்கத்தில் தோள் தெரிய நடுங்கிய வெள்ளைக்காரப் பாட்டிக்குத் தன் சால்வையைப் போர்த்திவிட்டார். பிறகு மகனைப் பார்த்தார். கைப்பையில் இருந்து மங்கி குல்லாவை எடுத்து, அவர் கை இரண்டும் வேலையாக இருந்த வசதியில், இழுத்து மாட்டிவிட்டார். அடுத்து கைபேசியையும் எடுத்தார்.

“அம்மா, வேணாம்மா!”

மறுநாள் கெட்சிகனில் சிக்னல் வந்ததும் முதலில் கூப்பிட்டது நாகப்பட்டினத்துச் சித்தப்பா. திமிங்கிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.