டூர் பேக்கேஜ் இல்லாமல் முக்திநாத் போய் வந்தோம்

ஆழ்வார்கள் பாடிய பெருமாள் தலங்களான 108 திவ்ய தேசங்களில், பூமியில் இந்தியாவுக்கு வெளியே இருப்பது ஒன்றே ஒன்று. ஆழ்வார் பாடிய திருச்சாளக்கிராமம் என்று பெரும்பாலோர் வணங்குவது நேபாளத்தின் முஸ்தாங் மாவட்டத்தில், சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் இருக்கும் முக்திநாத் கோயிலைத்தான். அம்மாவுக்குப் பல வருட ஆசை. ஆனால் விசாரித்த இடத்திலெல்லாம் ஆளுக்கு அறுபதாயிரத்துக்கு மேல் கேட்டார்கள். அம்மா, அப்பா, தம்பி, நான் என நாலு பேர். அந்தத் தொகை எங்களுக்குக் கட்டுப்படியாகாது.

அந்தப் பேக்கேஜ் அட்டவணைகளை உட்கார்ந்து பிரித்துப் பார்த்தபோது ஒரு விஷயம் புரிந்தது. பணத்தில் பெரும்பகுதி காத்மாண்டு விமானத்துக்கும், காத்மாண்டு ஹோட்டலுக்கும், பொக்காராவிலிருந்து முக்திநாத்துக்குக் கீழே இருக்கும் ஜோம்சோம் போகும் சின்ன விமானத்துக்கும் போகிறது. எல்லாம் நாட்களைச் சுருக்குவதற்காகத் தரும் விலை. எங்களிடம் பணம் குறைவு, நாள் நிறைய. அப்பா ஓய்வு பெற்றவர், தம்பியும் நானும் விடுப்பைச் சேர்த்து வைத்திருந்தோம். அப்படியானால் நாட்களைக் கொடுத்துப் பணத்தை மிச்சப்படுத்தலாம் என்று முடிவு செய்தோம். மெதுவாகப் போவது வயதானவர்களின் உடம்புக்கும் நல்லது. 820 மீட்டர் உயரத்தில் இருக்கும் பொக்காராவிலிருந்து மறுநாளே 3,700 மீட்டருக்கு ஏற்றிவிடும் திட்டங்களைப் பார்த்தபோது எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

முதலில் வெட்டியது காத்மாண்டுவை. அப்பாவுக்குப் பசுபதிநாதரைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது, அதனால் வீட்டில் கொஞ்சம் வாக்குவாதம் நடந்தது. ஆனால் உத்தரப் பிரதேச எல்லை வழியாக உள்ளே போகிறவர்களுக்குக் காத்மாண்டு சுற்றுவழி. போக ஒரு நாள், வர ஒரு நாள் மலைப்பாதையில் பஸ்ஸில் உட்கார வேண்டும், தங்கும் செலவு தனி. குறைந்த செலவில் போக வேண்டுமென்றால் வசதியை வெட்டுவதைவிட ஊர்களை வெட்டுவது மேல் என்பது என் எண்ணம். "சரி, அது தனியா ஒரு தடவை" என்று அப்பா விட்டுக் கொடுத்தார்.

அடுத்து மாதம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. முக்திநாத் பாதை போகும் காளி கண்டகி ஆற்றுப் பள்ளத்தாக்கில் மண்சரிவு வழக்கம். டிசம்பர் பாதிக்கு மேல் மேலே கடும் குளிர். மார்ச் முதல் மே வரையும், அக்டோபர், நவம்பரும் நல்ல காலம். அக்டோபரில் தசைன் பண்டிகை வரும். நேபாளம் முழுக்க எல்லோரும் சொந்த ஊருக்குப் போகிற நேரம் அது, பஸ்ஸில் இடம் கிடைக்காது. நம் தீபாவளியை ஒட்டி அவர்களுக்குத் திஹார். அதுவும் முடிந்து ஊர் அடங்கியபின் போகலாம் என்று 2024 நவம்பரைத் தேர்ந்தெடுத்தோம். வானம் துடைத்து வைத்தது மாதிரி இருந்தது. பொக்காராவில் காலையில் கதவைத் திறந்தாலே மச்சாபுச்சரே சிகரம் தெரிந்தது.

ஆவணம் பற்றி ஒரு வார்த்தை. நேபாளத்துக்கு நமக்கு விசா வேண்டாம். ஆனால் பாஸ்போர்ட்டோ வாக்காளர் அடையாள அட்டையோ கையில் இருக்க வேண்டும். ஆதாரை நம்பிக் கிளம்பக் கூடாது. அம்மா, அப்பா இருவருக்கும் பாஸ்போர்ட் இல்லை. புதிதாக எடுத்தால் ஆளுக்கு 1,500 ரூபாய் கட்டணம், அலைச்சல் வேறு. வாக்காளர் அட்டையே போதும் என்பதால் அந்தச் செலவு மிச்சம். அப்பாவின் அட்டை பழையது, படம் மங்கிப் போயிருந்தது. புதிய அட்டைக்கு முன்கூட்டியே விண்ணப்பித்து வாங்கினோம். கூடவே ஆளுக்குச் சில பாஸ்போர்ட் அளவுப் படங்களும் எடுத்துக்கொண்டோம். அனுமதிச் சீட்டுக்கும் சிம் கார்டுக்கும் அவை வேண்டும்.

பணம். ஒரு இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய். 1993 முதல் மாறாத விகிதம் இது. 100 ரூபாய்க்கு மேற்பட்ட இந்திய நோட்டுகளை 2018 டிசம்பரில் நேபாள அரசு தடை செய்தது. நாங்கள் போனபோது அந்தத் தடை இருந்தது, அதனால் வங்கியில் சொல்லி வைத்து 100 ரூபாய்க் கட்டுகளாகவே வாங்கிப் போனோம். கடைகளில் விலை சொல்லும்போது "ஐசியா, என்சியா?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஐசி என்றால் இந்தியப் பணம், என்சி என்றால் நேபாளப் பணம். இதைக் கேட்காமல் பேரம் முடித்தால் ஒன்றுக்கு ஒன்றரைக்கு மேல் கொடுக்க நேரிடும். பொக்காராவில் சில கடைகளில் நம் யுபிஐ வேலை செய்தது. 2024 மார்ச்சில்தான் அந்த வசதி அங்கே வந்தது. மலைக்கு மேலே ரொக்கம்தான்.

சென்னையிலிருந்து கோரக்பூருக்கு ராப்திசாகர் எக்ஸ்பிரஸ். வாரத்தில் சில நாட்களே ஓடுகிறது, முன்பதிவு திறக்கிற அன்றே டிக்கெட் எடுத்துவிட வேண்டும். மூன்றாம் வகுப்பு ஏசியில் ஆளுக்கு இரண்டாயிரத்துச் சொச்சம். ஸ்லீப்பரில் இதில் பாதிகூட ஆகாது, ஆனால் இரண்டு இரவு தூங்கி எழ வேண்டிய பயணம். இந்த இடத்தில் நான் மிச்சம் பிடிக்க விரும்பவில்லை. கோரக்பூரில் இறங்கியதும் ரயில்வே ஓய்வறையில் தங்கினோம். பிஎன்ஆர் எண்ணை வைத்து ஐஆர்சிடிசி தளத்தில் பதிவு செய்யலாம். வெளியே இருக்கும் லாட்ஜுகளைவிட மலிவு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம்.

காலையில் ஸ்டேஷனுக்கு வெளியே எல்லை ஊரான சோனௌலிக்கு பஸ். மூன்று மணி நேரம். எல்லை வாசலை நடந்தேதான் கடந்தோம். பெரிய வளைவு, இரண்டு பக்கமும் லாரி வரிசை, நடுவில் ஜனங்கள் சந்தைக்குப் போகிற மாதிரி போய் வந்துகொண்டிருந்தார்கள். அட்டையைக் காட்டினோம், பையைத் திறந்து பார்த்தார்கள், அவ்வளவுதான். அந்தப் பக்கம் பேலஹியா. அங்கேயே நேபாள டெலிகாமின் நமஸ்தே சிம் ஒன்று வாங்கினோம். முஸ்தாங்கில் சிக்னல் கிடைப்பது பெரும்பாலும் அதில்தான் என்று கேள்விப்பட்டிருந்தோம், உண்மைதான். கடிகாரத்தைக் கால் மணி நேரம் முன்னால் தள்ளி வைக்க வேண்டும், மறக்காதீர்கள். பஸ் கிளம்பும் நேரமெல்லாம் அவர்கள் கணக்கில்தான்.

அன்றிரவு பைரஹவாவில். மறுநாள் லும்பினி, இருபது கிலோமீட்டரைச் சற்றே தாண்டிய தூரம்தான். புத்தர் பிறந்த இடத்தில் அசோகர் நட்ட தூண் இன்னும் நிற்கிறது. செலவு அதிகமில்லாத ஒரு நாள், ரயில் களைப்பும் தீர்ந்தது. அதற்கடுத்த நாள் தான்சேன் வழியாகப் பொக்காராவுக்கு பஸ். வளைவோ வளைவு. அம்மா எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்தார். முன் பக்க சீட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும் கொடுத்துவிடுங்கள்.

பொக்காராவில்தான் திட்டத்தின் முக்கியமான வேலை. முக்திநாத் அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்குள் வருவதால் அனுமதிச் சீட்டு வேண்டும். நேபாளச் சுற்றுலா வாரிய அலுவலகத்தில் படிவம், படம், அடையாள அட்டை கொடுத்தால் கையோடு தருகிறார்கள். மற்ற வெளிநாட்டவருக்கு 3,000 நேபாள ரூபாய். நாம் சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டவர் என்பதால் 1,000, அதாவது நம் பணத்தில் 625. இடைத்தரகர்கள் இதற்கு மேலே ஒரு தொகை வைத்துக் கேட்பார்கள், தேவையே இல்லை. வழியில் சோதனைச் சாவடியில் இந்தச் சீட்டைப் பார்க்கிறார்கள்.

அப்புறம் வண்டி. பொக்காராவிலிருந்து பெனி, தாதோபானி, காசா, மார்ஃபா, ஜோம்சோம், காக்பேனி வழியாகச் சுமார் 175 கிலோமீட்டர். பஸ்ஸும் பங்கு ஜீப்பும் உண்டு, கட்டணம் மிகக் குறைவு. இளவட்டமாக இருந்தால் அதில் போகலாம். ஆனால் அவை ஒரே நாளில் ஓட்டிக்கொண்டு போய்விடும். பெனிக்கு மேலே பாதை பல இடங்களில் கல்லும் புழுதியும். ஜோம்சோம் விமானத்தில் இந்தியர்களுக்குத் தனிக் கட்டணம் இருக்கிறது, இருபது நிமிடத்தில் போய்விடலாம். ஆனால் பள்ளத்தாக்கில் முற்பகலுக்கு மேல் காற்று பலமாக அடிப்பதால் விமானம் காலையில் மட்டும்தான், மேகம் இருந்தால் அதுவும் ரத்து. அதை நம்பித் தேதி வைக்க முடியாது.

எனவே தனி ஜீப் பேசினோம். இந்தப் பயணத்தில் நாங்கள் யோசிக்காமல் செலவு செய்தது இதற்குத்தான். பேசும்போது தாளில் எழுதி வாங்கினோம்: எந்தெந்த ஊரில் இரவு, டிரைவரின் சாப்பாடும் தங்கலும் யார் பொறுப்பு, கோயிலில் எவ்வளவு நேரம் காத்திருப்பார், பாதை அடைபட்டு ஒரு நாள் கூடினால் எவ்வளவு. கடைசிக் கேள்வியைக் கேட்டதும் ஒரு வண்டிக்காரர் முகம் சுளித்தார், அவரை விட்டுவிட்டோம். அடுத்தவர் உடனே பதில் சொன்னார். நாலு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஆறாயிரத்துக்குள்தான் வந்தது.

முதல் நாள் இரவு காலோபானியில், சுமார் 2,500 மீட்டர். ஒரு பக்கம் தவளகிரி, மறுபக்கம் அன்னபூர்ணா, நடுவில் காளி கண்டகி. இரண்டு எட்டாயிரம் மீட்டர் மலைகளுக்கு இடையில் இருக்கிறோம் என்பது அண்ணாந்து பார்த்தால்தான் நம்பத் தோன்றும். இரண்டாம் இரவு காக்பேனியில், 2,800 மீட்டர். இப்படிப் படிப்படியாக ஏறியதால் அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்மாவுக்கு மட்டும் அன்று மாலை தலைவலி. வெந்நீர் குடித்து, சீக்கிரம் படுத்து, காலையில் சரியாகிவிட்டது. தலைவலியோடு வாந்தியும் தள்ளாட்டமும் சேர்ந்தால் காத்திருக்காமல் கீழே இறங்கிவிட வேண்டும் என்று கிளம்பும் முன்பே எங்கள் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அவசியம் மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும்.

காக்பேனியில் காளி கண்டகியோடு இன்னொரு ஆறு கலக்கிறது. அந்தச் சங்கமத்தில் பித்ரு காரியம் செய்வது வழக்கம். அப்பா தாத்தாவுக்கும் பாட்டிக்கும் அங்கே தர்ப்பணம் செய்தார். பிற்பகலில் போனால் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும், காலையில் செய்து முடித்துவிடுங்கள்.

சாப்பாட்டுக்கு நாங்கள் கவலைப்பட்ட அளவு தேவையே இருக்கவில்லை. அந்தப் பக்கம் லாட்ஜ் நடத்துபவர்கள் பெரும்பாலும் தகாலி மக்கள். சோறு, பருப்பு, கீரை, உருளைக்கிழங்கு, ஊறுகாய். சோறும் பருப்பும் கேட்கக் கேட்கப் போடுவார்கள், கூடுதல் காசு இல்லை. அம்மா கொண்டு வந்த பருப்புப்பொடியை லாட்ஜ் தீதி (அக்கா) ருசி பார்த்துவிட்டு, என்ன அரைத்துப் போட்டது என்று கேட்டுக்கொண்டார். உயரம் ஏற ஏறப் பாட்டில் தண்ணீர் விலையும் ஏறும். பிளாஸ்கில் வெந்நீர் வாங்கி வைத்துக்கொண்டோம். அறை வாடகை குறைவாகச் சொல்லும் இடங்களில் ஹீட்டருக்கும் வெந்நீர்க் குளியலுக்கும் தனியாக வாங்குவார்கள், முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

முக்திநாத்துக்கு விடியலில் கிளம்பினோம். ஜீப் ராணிபௌவாவில் நின்றுவிடும். அங்கிருந்து ஏற்றம். அரை மணி நேர நடை என்பார்கள், அந்தக் காற்றில் அம்மா, அப்பா வேகத்துக்கு அதைவிட அதிகமாகிறது. குதிரை கிடைக்கிறது, அம்மாவுக்கு ஒன்று பிடித்தோம். கோயிலுக்குப் பின்னால் அரைவட்டச் சுவரில் 108 தாரைகள், பசு முகங்களிலிருந்து பனி உருகின தண்ணீர் விழுகிறது. முன்னால் இரண்டு குளங்கள். தம்பி 108-இலும் ஓடி நனைந்துவிட்டு வந்து நடுங்கினான். அம்மா தலையில் தெளித்துக்கொண்டு, கண்ணை மூடிச் சாளக்கிராமப் பாசுரங்களைப் பத்தும் சொல்லி முடித்தார். பக்கத்தில் ஒரு திபெத்திய மூதாட்டி ஜபமாலையோடு நின்றிருந்தார். பௌத்தர்களுக்கும் இது புனிதத் தலம், பிக்குணிகளும் இங்கே பூஜைப் பணியில் இருக்கிறார்கள். சற்றுத் தள்ளி ஜ்வாலா மாயி கோயிலில் பாறை இடுக்கில் இயற்கை வாயு சின்னச் சுடராக எரிகிறது. பலர் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். நேரம் நம் கையில் இருந்ததால் நாங்கள் நிதானமாகப் பார்த்தோம்.

இரவு மேலே தங்கவில்லை, மார்ஃபாவுக்கு இறங்கிவிட்டோம். ஆப்பிள் தோட்டங்கள் நிறைந்த ஊர், வெள்ளைச் சுவர் வீடுகள். மறுநாள் ரூப்ஸே அருவிக்குக் கொஞ்சம் முன்னால் பாறை சரிந்து பாதை அடைபட்டது. இயந்திரம் வந்து அகற்றிப் பாதை திறக்கும்போது இருட்டிவிட்டது. அன்று தாதோபானியில் தங்கினோம். எழுதி வாங்கியிருந்த தொகையை மட்டுமே டிரைவர் கூடுதலாகக் கேட்டார். ரயில் டிக்கெட்டுக்கு முன்னால் இரண்டு நாள் சும்மா விட்டு வைத்திருந்ததால் யாருக்கும் பதற்றம் இல்லை. தாதோபானி வெந்நீர் ஊற்றில் கால் மூட்டு வலி குறைந்ததாக அப்பா இன்னும் சொல்கிறார். இந்த இரண்டு நாள் இடைவெளியை மட்டும் யாரும் வெட்டிவிடாதீர்கள்.

எல்லாம் சேர்த்து ஆளுக்கு இருபத்தைந்தாயிரத்தை ஒட்டி ஆனது. திரும்பும்போது மிச்சமிருந்த நேபாளப் பணத்தைப் பேலஹியாவிலேயே மாற்றிவிட்டு வாசலைக் கடந்தோம். கோரக்பூருக்கு வந்த பிறகு அதை வாங்கிக்கொள்ள ஆள் தேட வேண்டியிருக்கும்.