பிடிபடாதவர்களின் பட்டியல்

எங்கள் கப்பல் ஹைஃபா துறைமுகத்தில் கோதுமை இறக்கிக்கொண்டிருந்தது. 1996-ஆம் ஆண்டு. நான் எஞ்சின் ரூமில் ஃபிட்டர். ஆறு நாள் வெல்டிங் புகையைக் குடித்த பிறகு அரை நாள் கரையிறங்க அனுமதி கிடைத்தது. கர்மேல் மலையடிவாரத்தில் எலியா இறைவாக்கினரின் குகை இருக்கிறது, கும்பிட்டுவிட்டு வாரும் என்று எங்கள் சமையல்காரர் சொல்லியிருந்தார். அவர் தூத்துக்குடிக்காரர்; எந்தத் துறைமுகத்தில் எந்தப் புனிதருக்கு என்ன விசேஷம் என்பது அவருக்கு மனப்பாடம். குகையைத் தேடி நடந்தபோது சாலையோரம் ஒரு கப்பல் நின்றது. தண்ணீரில் அல்ல, தரையில்.

உடைப்பதற்குக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். கிட்டப் போனால் பெயின்ட் புதிதாக இருந்தது. உடைக்கப் போகிற கப்பலுக்கு யார் பெயின்ட் அடிப்பார்கள்? வாசலில் டிக்கெட் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். குகையை அன்று பார்க்கவில்லை. அதற்காக என் மனைவி இன்றும் திட்டுவதுண்டு.

போர்க்காலத்தில் டாங்கிகளைக் கரையிறக்கக் கட்டிய படகு அது. அடிப்பாகம் தட்டை, முகப்பு கதவுபோலத் திறந்து மணலில் விழும். 1947 செப்டம்பரில் இத்தாலியிலிருந்து 434 யூதர்களை ஏற்றிக்கொண்டு பாலஸ்தீனத்துக்குக் கிளம்பியிருக்கிறது. பிரிட்டிஷ் கடற்படை வழியிலேயே பிடித்து, வந்தவர்களைச் சைப்ரஸ் முகாமுக்கு அனுப்பிவிட்டது. படகின் பெயர் 'அஃப் அல் பி கென்'. "இவ்வளவு இருந்தும்" என்று பொருள் சொன்னார் அங்கே நின்ற பெரியவர். நம்மிடம் அதற்கு ஒற்றைச் சொல் உண்டு: ஆனாலும்.

ஃபிட்டர் புத்தி எங்கே போகும்? தகட்டை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். டாங்கி நிற்கக் கட்டிய இடத்தில் காற்றுக்கு வழி வைத்திருக்க மாட்டார்கள். அங்கே மனிதர்களை அடுக்கியிருக்கிறார்கள். எங்கள் கப்பலில் நாங்கள் 24 பேர். கழிப்பறையை யார் கழுவுவது என்று வாரம் ஒரு சண்டை நடக்கும். 434 பேர் என்று படித்ததும் எனக்கு முதலில் தோன்றிய கேள்வி அதுதான். பெரியவரிடம் கேட்டும் விட்டேன். அவர் சிரித்துவிட்டு, தானும் அப்படி ஒரு கப்பலில் வந்தவன்தான் என்றார். மேல்தளத்தின் ஓரத்தில் கடலுக்கு வெளியே நீட்டிக் கட்டிய மரக்கூண்டு, அதன் முன்னால் எந்நேரமும் வரிசை, அலை எழும்பினால் வரிசை முழுக்க நனையும் என்று கையால் வரைந்து காட்டினார்.

அந்தப் பயணங்களுக்கு அவர்கள் வைத்த பெயர் 'அலியா பேத்'. அலியா என்றால் குடியேற்றம்; பேத் என்பது எபிரேயத்தில் இரண்டாவது எழுத்து. முதல் வழி, குடியேற அனுமதிச் சான்றிதழ் வாங்கிப் போகும் வழி. அது அடைபட்டால் இது. பாலஸ்தீனம் அன்று பிரிட்டன் கையில். 1934-இலேயே 'வெலோஸ்' என்ற கிரேக்கக் கப்பல் ஏறக்குறைய 350 பேரைத் திருட்டுத்தனமாகக் கொண்டுபோய் இறக்கிவிட்டது. 1939 மே மாதம் பிரிட்டன் ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டது: இனி ஐந்து வருடத்துக்கு மொத்தம் 75,000 யூதர்கள்தான் வரலாம். ஹிட்லருக்குப் பயந்து ஓடுகிறவர்கள் எண்ணிக்கை பார்த்தா ஓடுவார்கள்? ஆற்றுப் படகு, மாட்டுக் கப்பல், உடைக்கக் கிடந்த கப்பல் என்று கிடைத்ததையெல்லாம் விலைக்கு வாங்கினார்கள். 1948 வரை நூற்றுக்கும் மேற்பட்ட பயணங்கள், லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்கள்.

'எக்ஸோடஸ் 1947' கதையைப் பலரும் கேட்டிருப்பீர்கள். 4,500 பேர், பாலஸ்தீனக் கரைக்கு அருகில் மோதல், மூன்று சாவு, கடைசியில் எல்லோரையும் ஜெர்மனிக்கே திருப்பி அனுப்பிய கொடுமை. அது உலகமே பார்த்த கப்பல். என்னைத் தூங்கவிடாதது 'ஸ்ட்ரூமா'. 1941 டிசம்பரில் ருமேனியாவின் கான்ஸ்டன்ஸாவிலிருந்து புறப்பட்டது. 1867-இல் கட்டிய கப்பல். எஞ்சின் வழியெல்லாம் நின்று நின்று, ஒருவழியாக இஸ்தான்புல் வந்து சேர்ந்தது. இரண்டு மாதத்துக்கும் மேல் கரைக்கு எதிரிலேயே நங்கூரம். விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரைத் தவிர யாரையும் இறங்கவிடவில்லை. 1942 பிப்ரவரி 23 அன்று, எஞ்சின் ஓடாத அந்தக் கப்பலை இழுத்துக்கொண்டு போய்க் கருங்கடலில் விட்டுவிட்டார்கள். மறுநாள் காலை சோவியத் நீர்மூழ்கி ஒன்றின் டார்பிடோ. 760-க்கும் மேற்பட்டவர்களில் உயிர் பிழைத்தவர் ஒரே ஒருவர், டேவிட் ஸ்டோலியர். எஞ்சின் ரூமில் முப்பது வருடம் கழித்தவன் நான். ஓடாத எஞ்சினோடு கப்பலைக் கடலில் விடுவது என்ன காரியம் என்பதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பெரியவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் இதை எழுத வைத்தது. கப்பலில் வந்தவர்களில் பலர் கையிலிருந்த காகிதங்களைக் கடலில் எறிந்துவிடுவார்களாம். பெயர் மாற்றிச் சொல்வார்களாம். எந்த நாட்டுக்காரன் என்று தெரிந்தால்தானே திருப்பி அனுப்புவது? ஆகவே இன்று ஒரு பேரன் வந்து "என் பாட்டி எந்தக் கப்பலில் வந்தாள்" என்று கேட்டால், பிரிட்டிஷ்காரன் முகாமில் எழுதிய பட்டியல்தான் பெரும்பாலும் கைகொடுக்கும். ஹைஃபாவுக்குத் தெற்கே அத்லித் என்ற ஊரில் அந்தத் தடுப்பு முகாம் இன்றும் நிற்கிறது. இறங்கியவுடன் ஆண்களை ஒரு பக்கமும் பெண்களை ஒரு பக்கமும் பிரித்து, உடைகளைக் களைந்து, மருந்து தெளித்துக் குளிக்கச் சொல்வார்கள். ஐரோப்பிய வதைமுகாம்களிலிருந்து தப்பி வந்தவர்களுக்கு அந்தக் குளியலறையைக் கண்டபோது எப்படி இருந்திருக்கும்! அந்த முகாமை நினைவிடமாக்கி, ஒவ்வொரு கப்பலுக்கும் ஆள்வாரியாகக் கோப்பு சேர்க்கிறார்கள்.

பிடிபடாமல் கரையேறிய கப்பல்களும் உண்டு. 1945 கிறிஸ்துமஸ் இரவில் 'ஹன்னா செனெஷ்' என்ற சிறு கப்பல் நஹாரியா கடற்கரையில் தரைதட்டிச் சாய்ந்துவிட்டது. சுமார் 250 பேர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கரைக்கு வந்து இருட்டோடு மறைந்தார்கள். அங்கே முள்வேலியும் இல்லை, பெயர் கேட்க மேசை போட்டு உட்கார்ந்த கிளார்க்கும் இல்லை.

இதைக் கேட்டதும் எனக்கு என் பாட்டா நினைவுக்கு வந்தார்.

பாட்டா 1952-இல் கொழும்புக்குப் போனார். எங்கள் குளச்சல் அன்று தமிழ்நாட்டில்கூட இல்லை, திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. அதற்குச் சில வருடம் முன்புவரை மண்டபம் முகாமில் ஊசி போட்டு, மருந்து தெளித்து, தனுஷ்கோடியில் கப்பலேற்றி அனுப்பிய அதே இலங்கைக்கு, சுதந்திரத்துக்குப் பிறகு விசா வேண்டும் என்று ஆகிவிட்டது. இவர் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு கரையில் இரவில் தோணி ஏறி, கற்பிட்டிக்கு அருகே இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். பிடிபடவில்லை. பன்னிரண்டு வருடம் செட்டியார் தெருவில் ஒரு கடையில் கணக்கு எழுதிவிட்டு, போன மாதிரியே திரும்பி வந்தார். எந்த நாட்டு ஆவணத்திலும் அவர் போனதும் இல்லை, வந்ததும் இல்லை.

கொண்டுவந்தது ஒரு தகரப்பெட்டி. உள்ளே இரண்டு சாரம், ஒரு குடை, கடையின் பழைய கணக்குப் புத்தகம் ஒன்று. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் 17 வரிகள். தோணியில் உடன் வந்தவர்கள். ஒருவருக்கும் பெயர் இல்லை. "மணலிக்கரை ஆசாரி – 40", "கருங்கல் தையல்காரர் – 35, பாக்கி 5", "பாண்டிக்காரன், சின்னவன் – கடன்". சிறு வயதில் அதை எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறேன். ஈரம் பட்டுப் பக்கத்தின் கீழ் மூலை அப்பளம்போல் உப்பியிருக்கும்.

அந்தப் பெட்டியைச் சுனாமி கொண்டுபோகவில்லை. அது நாகர்கோவிலில் அக்கா வீட்டுப் பரணில் இருந்தது. அக்காள் மகள் கல்யாணத்துக்கு வெள்ளை அடித்தபோது பழைய பேப்பர்காரருக்குப் போய்விட்டது. நான் அப்போது கப்பலில். பிறகு கேட்டதற்கு அக்கா சொன்னாள்: "கள்ளத்தோணிக் கணக்கைச் சம்பந்தி வீட்டார் கண்டால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்?"

கோபம் வந்தது. ஆனால் அக்காவைச் சொல்லிக் குற்றமில்லை, சொல் அப்படி. யூதர்கள் அந்தப் பயணிகளுக்கு 'மாபிலிம்' என்று பெயர் வைத்தார்கள். எண்ணிக்கை நூல் 14-ஆம் அதிகாரத்திலிருந்து எடுத்தது. ஆண்டவர் தடுத்தும் கேளாமல் மலையேறத் துணிந்தவர்களைச் சொல்லும் இடம். (அந்தக் கதையில் துணிந்தவர்கள் அடிவாங்கித் திரும்புகிறார்கள் என்பது வேறு விஷயம்.) நமக்கு வாய்த்த சொல்லோ 'கள்ளத்தோணி'. தோணியையே கள்ளனாக்கிய சொல். மலையகத்தில் நூறு வருடமாகத் தேயிலை பறித்தவர்களைக்கூட அதே சொல்லால்தான் ஏசினார்கள். 'துணிந்தவர்' என்று பெயர் இருந்தால் அந்தப் பக்கத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பாள் அக்கா.

அவர்கள் செய்ததெல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. அதே ஹைஃபா துறைமுகத்திலிருந்து 1948 ஏப்ரலில் அரபுக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் படகேறி அக்காவுக்கும் லெபனானுக்கும் ஓடின. (அக்கா என்பது அங்கே ஓர் ஊர்.) அந்தப் படகுகளுக்கும் பெயர் இருந்திருக்கும், அவற்றில் யார் யார் ஏறினார்கள் என்பதும் யாருக்காவது தெரிந்திருக்கும். ஒரே படித்துறையில் ஏறியவர், இறங்கியவர் இருவர் கணக்கும் வேண்டும்.

1999-இல் மொரீஷியஸில் சர்க்கரை ஏற்றப் போனோம். டாக்ஸி ஓட்டியவர் தமிழ் வம்சாவளி. முருகன் கோயில் காட்டிவிட்டு, செயின்ட் மார்ட்டின் என்ற இடத்தில் ஒரு கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். நட்சத்திரம் பொறித்த கற்கள், எபிரேய எழுத்து. இந்துமாக்கடல் நடுவில் இவர்கள் எப்படி என்று விழித்தேன். 1940 நவம்பரில் 'அட்லாண்டிக்' என்ற கப்பலில் வந்தவர்களை ஹைஃபாவில் 'பாட்ரியா' என்ற பெரிய கப்பலுக்கு மாற்றத் தொடங்கினார்கள், நாடு கடத்துவதற்காக. அதைத் தடுக்க யூத இயக்கமான ஹகானா வைத்த குண்டு கணக்குத் தப்பிக் கப்பலையே கவிழ்த்தது. 260-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பாட்ரியாவில் தப்பியவர்களை இருக்கவிட்டு, மிச்சமிருந்த சுமார் 1,580 பேரை இங்கே கொண்டுவந்து போ பாஸன் சிறையில் அடைத்தார்கள். ஆண்கள் சிறைக் கொட்டடியில், பெண்கள் தகரக் குடிசையில். 1945 ஆகஸ்டில்தான் விட்டார்கள். அதற்குள் மலேரியா, டைபாய்டு என்று 120-க்கும் மேற்பட்டவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் போர்ட் லூயி வந்திறங்கியது டிசம்பர் 26. அந்தத் தேதியை எங்கள் கரையில் 2004-க்குப் பிறகு யாரும் சாதாரணமாக உச்சரிப்பதில்லை. 2014-இல் கல்லறைத் தோட்டத்தை ஒட்டியே ஒரு நினைவகம் திறந்திருக்கிறார்கள்.

ஒக்கிப் புயல் அடித்த பிறகு, 2017 டிசம்பரில் சின்னத்துறைக்குப் போய் ஒரு வாரம், கடலில் காணாமல்போனவர்களின் பெயர் எழுதும் வேலை செய்தேன். கப்பலில் லாக் புத்தகம் எழுதிய கை என்று உட்கார வைத்தார்கள். ஒரே பெயர், ஒரே தகப்பன் பெயர், வீட்டுப் பெயரில் மட்டும் வித்தியாசம். ஆளுக்கொரு பட்டியல், பட்டியலுக்கொரு எண்ணிக்கை. ஸ்ட்ரூமாவில் செத்தவர்கள் இத்தனை பேர் என்று ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு எண் இருப்பதைக் கண்டு முன்பு எரிச்சல்பட்டிருக்கிறேன். அந்த வாரத்தோடு எரிச்சல் போய்விட்டது.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு நோட்டு வாங்கினேன். குளச்சல் முதல் முட்டம் வரை, தோணியில் இலங்கைக்குப் போனவர்களைப் பற்றித் தெரிந்தவர்கள் யார் இருக்கிறார்களோ அவர்கள் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருவது. ஊர், தொழில், ஏறிய கரை, இறங்கிய கரை, திரும்பினாரா இல்லையா என்று ஐந்து பத்தி. இதுவரை 43 பேர். பிடிபட்டவர்கள் ஏழு பேர்தான். அவர்களைப் பற்றித்தான் அதிகம் எழுத முடிந்தது, அபராதத் தொகை உட்பட.

போன மாதம் கடியபட்டணத்தில் ஒரு பாட்டியைப் பார்த்தேன். வயது தொண்ணூறுக்கு மேல். அவருடைய தகப்பனார்தான் ஆட்களைத் தூத்துக்குடிப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்தவர் என்று சொன்னார்கள். மரச்சீனியும் மீன்குழம்பும் கொடுத்துவிட்டு, நான் பேனாவைத் திறந்ததும் வாயை மூடிக்கொண்டார்.

"யாருக்கு எழுதுகிறாய் மக்களே? போலீசுக்கா?"

"எனக்குத்தான் பாட்டி. என் பாட்டாவும் அந்தத் தோணியில் போனவர்."

பாட்டாவின் பெயரைச் சொன்னேன். கண்ணை இடுக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். பிறகு மூன்று பெயர்களைச் சொன்னார். மூன்றாவது பெயரை நான் எழுதி முடிப்பதற்குள் என் கையைப் பிடித்தார்.

"அதை மட்டும் அடித்துவிடு. அவன் கொழும்பில் இன்னொரு குடும்பம் வைத்திருந்தான். இங்கே கட்டியவளுக்குக் கடைசிவரை தெரியாது. மகள் உயிரோடு இருக்கிறாள்."

அடித்தேன். வெறும் கோடு போட்டால் உள்ளே தெரியும் என்று நன்றாகக் கறுப்பாக்கச் சொன்னார். கறுப்பாக்கினேன்.

"ஆள் எந்த ஊர், என்ன தொழில் என்றாவது போடலாமா?"

"கருங்கல். தையல்காரன்."

பேனா நின்றுவிட்டது. முப்பத்தைந்து, பாக்கி ஐந்து என்று என் வாய் முணுமுணுத்தது. பாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அந்த ஐந்து ரூபாயை அவன் கொடுக்கவே இல்லை" என்றார்.